ஒரே டெம்ப்ளேட், ஐந்து வழிகள்: சிறு இணையத்தளத்துக்கு எது பொருந்தும்?

சிங்கப்பூரில் 2023 ஜனவரி முதல் தேதி பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. 2024 ஜனவரி முதல் தேதி 9 ஆனது. "விலையில் வரி அடங்கும்" என்பதை விழுக்காட்டோடு சேர்த்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையால் எழுதிவைத்திருந்த கடைத் தளங்களுக்கு ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை அதே வேலை. முப்பது பக்கத்தில் இரண்டு விட்டுப்போனால் போதும், வாடிக்கையாளர் அந்த இரண்டைத்தான் சரியாகத் திறப்பார்.

கடைகளுக்கு வரி என்றால் சங்கங்களுக்குச் செயற்குழு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் தொடர்பு விவரம் பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும். அது பெரும்பாலும் ஃபூட்டரில்தான், அதாவது பக்கத்தின் அடிப்பகுதியில்தான், இருக்கும். ஆண்டுக் கூட்டம் முடிந்து பொறுப்பு கைமாறும். நான்கு பக்கத்தில் மட்டும் பழையவரே நிற்பார்.

மருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹெடர் (பக்கத்தின் தலைப்பகுதி), மெனு, ஃபூட்டர், எழுத்துரு, நிறம் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்து, எல்லாப் பக்கங்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட வேண்டும். அதுதான் டெம்ப்ளேட். அதை எந்த வழியில் செய்வது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நண்பர் வேர்ட்பிரஸ் என்கிறார், மகன் ஹியூகோ என்கிறான், தலைவர் விக்ஸ் போதும் என்கிறார். மூன்றும் தளம் கட்டும் கருவிகள். துணைப்பாட நிலையம், நடனப் பள்ளி, கோயில், கேட்டரிங், இலக்கிய அமைப்பு என்று ஐந்திலிருந்து நூறு பக்கம்வரை வைத்திருப்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. பெரிய இணையக் கடைகளின் கதை வேறு.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, ஒரு மாற்றத்துக்கு எத்தனை இடத்தைத் தொட வேண்டும் என்பது. இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் கீழே அட்டவணையில் உள்ள ஐந்தில், கையால் நகலெடுக்கும் முறையைத் தவிர மற்ற நான்கு வழியிலும் விடை ஒன்றுதான்: ஓரிடம். ஆகவே இதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது.

என் கணக்கில் கனமான கேள்வி, யார் எழுதப்போகிறார்கள் என்பதுதான். இங்கே பல அமைப்புகளின் தளத்தைக் கட்டுவது யார்? பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. பிரமாதமாகக் கட்டுவான். அப்புறம் தேசிய சேவைக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகு தீமிதி அறிவிப்பைப் போட வேண்டியவர் அறுபது வயதுச் செயலாளர். அவருடைய கைக்கு எட்டாத இடத்தில் டெம்ப்ளேட் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். உள்ளடக்கம் எட்டாத இடத்தில் இருந்தால் தளம் செத்தது.

மூன்றாவது, இரண்டு ஆண்டுகள் யாருமே தொடாவிட்டால் என்ன ஆகும்? நான்காவது, பிடிக்காமல் போனால் எப்படி வெளியேறுவது? ஐந்தாவது, மொழி. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தளம் என்றால் ஒரே டெம்ப்ளேட் இரண்டு மொழிக்கும் ஈடுகொடுக்க வேண்டும். பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். மாதச் சந்தா கண்ணுக்குத் தெரியும் செலவு. கீழே வரும் மறைமுகச் செலவுகள் அதைவிடப் பெரியவை.

| வழி | ஒரு மாற்றத்துக்கு | எழுதுபவருக்குத் தெரிய வேண்டியது | ஈராண்டு தொடாவிட்டால் | வெளியேறுவது | இரு மொழி |
|---|---|---|---|---|---|
| கையால் நகலெடுத்த பக்கங்கள் | எல்லாப் பக்கங்களும் | எச்டிஎம்எல் (பக்கத்தை எழுதும் குறிமொழி) | அப்படியே நிற்கும் | மிக எளிது | எல்லாம் இரட்டை வேலை |
| பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்மொழி) இன்குளூட் | ஒரு கோப்பு | கொஞ்சம் எச்டிஎம்எல் | பெரும்பாலும் ஓடும் | எளிது | மொழிக்கு ஒரு ஹெடர் |
| ஹியூகோ, ஜெக்கில் வகை | ஒரு கோப்பு, பிறகு மறு உருவாக்கம் | மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் முறை), கிட்ஹப் (கோப்புகளைச் சேமித்துத் திருத்தும் தளம்) | தளம் நிற்கும், கருவி பழசாகும் | எளிது | ஹியூகோவில் கூடவே வருகிறது |
| வேர்ட்பிரஸ் | ஓரிடம் | வேர்ட் தெரிந்தால் போதும் | ஆபத்து | நடுத்தரம் | பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) வேண்டும் |
| விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் வகை | ஓரிடம் | வேர்ட் தெரிந்தால் போதும் | சந்தா கட்டும்வரை ஓடும் | கடினம் | நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் |

## தமிழ்ப் பக்கத்துக்கென்று சில தேவைகள்

எந்த வழிக்குப் போனாலும் இதை முதலில் பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தை மட்டும் நினைத்துச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழை ஊற்றினால் மெனுதான் முதலில் உடையும். "ஹோம்" இருந்த இடத்தில் "முகப்பு" உட்காரும். ஆனால் "நிகழ்ச்சிப் பதிவுகள்", "தொடர்புகொள்ள" என்று வரிசையாக வரும்போது மெனு இரண்டாம் வரிக்கு இறங்கி லோகோவின் மேல் ஏறும். மேலே புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும், கீழே உகர ஊகாரக் குறிகளும் வருவதால் வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைப் பொது ஸ்டைல் கோப்பிலேயே குறித்துவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் எழுத்து மாறாது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: பக்கத்தின் மொழிக் குறி. டெம்ப்ளேட்டின் உச்சியில் "ஆங்கிலம்" என்று நிலையாக எழுதியிருந்தால், திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு உங்கள் தமிழ்ப் பக்கம் ஆங்கில உச்சரிப்பு விதியில்தான் போய்ச் சேரும். இணைய அணுகல்தன்மை நெறிமுறையான டபிள்யூசிஏஜியில், பக்கத்தின் மொழியைச் சரியாகக் குறிப்பது அடிப்படை நிலைத் தேவை. மெனு எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிசையில் வர வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் அடுத்த நிலையில் இருக்கிறது. ஒரே மாதிரித் தோற்றம் என்பதை அழகுக்கான விஷயம் என்று மட்டும் நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

டெம்ப்ளேட் சரியானதைப் பரப்பும் அதே வேகத்தில் தவறையும் பரப்பும் என்பதை மறக்க வேண்டாம். மொழிக் குறியைத் தப்பாக வைத்தால் ஒரு பக்கம் இல்லை, அத்தனையும் தப்பு.

## கையால் நகலெடுத்த பக்கங்கள்

இதைக் கேலி செய்பவர்கள் அதிகம். ஐந்து பக்கத் தளம், வருடத்துக்கு ஒரு மாற்றம் என்றால் இதில் ஒரு குறையும் இல்லை. புதுப்பிக்க வேண்டிய மென்பொருள் கிடையாது, எந்த ஹோஸ்டிங்கிலும் (தளத்தை வைத்திருக்கும் வாடகை சர்வரிலும்) ஓடும். நிறத்தையும் எழுத்துருவையும் ஒரே ஸ்டைல் கோப்பில் வைத்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

பத்துப் பக்கத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். எடிட்டரில் "தேடி மாற்று" போடலாமே என்று தோன்றும். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் யாரோ ஒரு பக்கத்தில் ஓர் இடைவெளி கூடுதலாகத் தட்டியிருப்பார். தேடலில் அந்தப் பக்கம் மட்டும் சிக்காது.

டிரீம்வீவர் என்ற மென்பொருளின் பழைய டெம்ப்ளேட்டில் கட்டிய தளம் கையில் இருந்தால், அதுவும் ஏறக்குறைய இந்த வகைதான். பூட்டிய பகுதி, திருத்தக்கூடிய பகுதி என்று பிரித்து, டெம்ப்ளேட்டை மாற்றினால் கணினியில் உள்ள எல்லாப் பக்கத்தையும் அது திருத்திக்கொடுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் திருத்திய அத்தனை பக்கத்தையும் திரும்ப ஏற்ற வேண்டும், அந்த மென்பொருள் இருக்கும் ஒரே கணினியையும் நம்பியிருக்க வேண்டும்.

## பிஎச்பி இன்குளூட்

ஹெடருக்கு ஒரு கோப்பு, ஃபூட்டருக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் காலிலும் அவற்றை இழுத்துவரும் ஒற்றை வரி. சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங் வைத்திருப்பவர்களிடம் பிஎச்பி ஏற்கெனவே இருக்கும், தனிச் செலவு இல்லை. பிஎச்பி கூட வேண்டாம் என்றால் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள்கள் தரும் சர்வர் பக்க இன்குளூட் இதே வேலையைச் செய்யும்.

எளிமையாகத் தோன்றும் இந்த வழியில் எல்லாரும் இடறும் இடங்கள் உண்டு. ஹெடரிலேயே பக்கத் தலைப்பும் இருப்பதால், கூகலில் நாற்பது பக்கமும் "முகப்பு" என்றே காட்டும். தலைப்பு, மொழி இரண்டையும் பக்கத்திலேயே மாறியாக (வேரியபிளாக) வைத்துவிட்டு அதற்குப் பிறகு ஹெடரை அழைக்க வேண்டும். அடுத்தது இணைப்புகள். மெனுவில் "தொடர்பு" பக்கத்துக்கு வெறும் கோப்புப் பெயரை எழுதினால் முகப்பில் வேலை செய்யும், நிகழ்ச்சிகள் என்ற உள்கோப்புறைக்குள் போனதும் உடையும். தளத்தின் வேரிலிருந்து, அதாவது முன்னால் ஒரு சாய்கோட்டுடன், எழுதுவதுதான் சரி.

இன்னொன்று, கொஞ்சம் ஆபத்தானது. முகவரியில் வரும் பக்கப் பெயரை அப்படியே எடுத்து இன்குளூட்டுக்குக் கொடுத்து, ஒரே கோப்பில் முழுத் தளத்தையும் ஓட்டும் தந்திரம் பழைய பாடங்களில் நிறைய இருக்கும். செய்யாதீர்கள். அந்தப் பெயரை மாற்றித் தட்டி, சர்வரில் உள்ள வேறு கோப்புகளைப் படிக்க வழி திறந்துவிடுகிறீர்கள்.

மறைமுகச் செலவு என்றால் பிஎச்பி பதிப்புகள். 7.4 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. 8.0 பதிப்புக்கு அடுத்த நவம்பரில் முடிந்தது. ஹோஸ்டிங்காரர் ஒருநாள் பதிப்பை உயர்த்துவார். வெறும் இன்குளூட் வரிகள் எந்த உயர்வையும் தாங்கும். கூடவே ஒட்டவைத்த பழைய தொடர்புப் படிவமும் படத்தொகுப்பும்தான் விழும்.

பத்து முதல் ஐம்பது பக்கம், எச்டிஎம்எல் தெரிந்த ஒருவர் கைவசம், ஏற்கெனவே கட்டணம் கட்டிய ஹோஸ்டிங் — இந்த மூன்றும் இருந்தால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். பகட்டு இல்லாத வழி என்பதால் யாரும் பரிந்துரைப்பதில்லை.

## ஹியூகோ, ஜெக்கில், இலெவன்டி

பக்கங்களை எளிய மார்க்டவுனில் எழுதுகிறீர்கள். கருவி அவற்றை டெம்ப்ளேட்டில் பொருத்தி முழுத் தளத்தையும் எச்டிஎம்எல் கோப்புகளாகச் செய்து தருகிறது. ஜெக்கில் 2008-இல் வந்தது, ஹியூகோ 2013-இல். சர்வரில் ஓடுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஊடுருவுவதற்கும் அதிகம் இல்லை.

டெம்ப்ளேட் என்ற அளவில் ஐந்தில் இதுதான் மிகச் சுத்தம். அடிப்படைச் சட்டகம் ஒன்று, அதன் மேல் கட்டுரைக்கு ஒரு தளவமைப்பு, நிகழ்ச்சிக்கு ஒன்று. தலைப்பு, தேதி, மொழி எல்லாம் அந்தந்தப் பக்கத்தின் உச்சியிலேயே இருக்கும். செயற்குழுப் பட்டியலை ஒரு தரவுக் கோப்பில் வைத்தால் "எங்களைப் பற்றி", "தொடர்புகொள்ள", ஃபூட்டர் என மூன்று இடத்துக்கும் அங்கிருந்தே போகும். பழைய நிகழ்ச்சி தானாகவே "நடந்தவை" பட்டியலுக்கு நகரும்படியும் செய்யலாம், தளத்தைத் தினம் ஒருமுறை மறுபடி உருவாக்க ஏற்பாடு இருந்தால். ஹியூகோவில் பலமொழி வசதி உள்ளேயே இருப்பதால் தமிழ்ப் பக்கத்துக்கும் அதன் ஆங்கில இணைக்கும் இடையே மாறும் பொத்தானை டெம்ப்ளேட்டில் ஒரே முறை எழுதினால் போதும். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தளம் வேண்டும் என்று நினைக்கும் அமைப்புக்கு இது பெரிய வரம்.

சரி, குறை என்ன? எழுதுபவர்தான். கிட்ஹப் கணக்கு திறந்து, மார்க்டவுன் கோப்பைத் திருத்தி, மாற்றத்தைப் பதியும் "கமிட்" பொத்தானை அழுத்துங்கள் என்று நம் செயலாளரிடம் சொல்லிப் பாருங்கள். சிங்கப்பூர் அரசாங்க அமைப்புகளின் தளங்களுக்காக உருவான ஐசோமர் இதற்கு நல்ல சாட்சி. தொடக்கத்தில் அது ஜெக்கில், கிட்ஹப் இரண்டின் மேல் கட்டப்பட்டது. பல அமைப்புகளின் தளங்கள் ஒரே டெம்ப்ளேட்டில் நின்றன. ஆனால் அதிகாரிகள் கிட்ஹப் பக்கம் போகாமலே திருத்துவதற்காக அதன் மேல் தனியாக ஒரு எடிட்டரைக் கட்ட வேண்டியிருந்தது. அரசாங்கத்துக்கே தேவைப்பட்ட ஒன்று உங்கள் சங்கத்துக்கு மட்டும் தேவைப்படாமல் போகாது. டீக்காப் சிஎம்எஸ் போல இலவச எடிட்டர்கள் இருக்கின்றன. பொருத்திக்கொடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற மறைமுகச் செலவுகள்: கிட்ஹப் தரும் ஹோஸ்டிங்கான கிட்ஹப் பேஜஸ் இலவசம்தான், ஆனால் அதை இணைய வணிகத்துக்கான ஹோஸ்டிங்காகப் பயன்படுத்த அதன் விதிகள் இடம் தரவில்லை. கேட்டரிங் தளத்துக்கு வேறிடம் பாருங்கள். பதிவுப் படிவம் தானாக வேலை செய்யாது, வெளிச்சேவை ஒன்றை இணைக்க வேண்டும். பெயரும் கைப்பேசி எண்ணும் அந்தச் சேவையின் வெளிநாட்டு சர்வரில் போய் உட்கார்ந்தாலும், தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது. அப்புறம், கருவியின் எந்தப் பதிப்பில் தளம் கட்டப்பட்டது என்பதை ஒரு மூலையில் எழுதிவையுங்கள். ஹியூகோ ஒற்றைக் கோப்பாக வருவதால் பழைய பதிப்பை மறுபடி இறக்கி ஓட்டலாம். ஜெக்கிலில் அது நம்பியிருக்கும் ரூபி ஜெம்கள் என்ற துணை நிரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், ஒரு சனிக்கிழமை போய்விடும்.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இருந்து, வருடக்கணக்கில் கட்டுரைகளும் நிகழ்ச்சிகளும் சேரப்போகின்றன என்றால் இது. ஒரே ஒருவர் என்றால் வேண்டாம், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

## வேர்ட்பிரஸ்

பலர் எழுதும் தளத்துக்கு இதை மிஞ்ச எளிதில்லை. செயலாளர், பொருளாளர், ஆசிரியர் மூன்று பேரும் மூன்று கணக்கில் எழுதலாம், எல்லாம் ஒரே சட்டகத்தில் வெளிவரும். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து, பிளாக் தீம் (தளத்தின் தோற்றத்தைத் துண்டுதுண்டாக அமைக்கும் வகை) என்றால் ஹெடரையும் ஃபூட்டரையும் நிரல் தொடாமல் தளத் திருத்தியிலேயே மாற்றலாம். நன்கொடைக் குறிப்பு, வகுப்புக் கட்டணப் பெட்டி போலப் பல பக்கத்தில் வரும் துண்டுகளை ஒத்திசைந்த பேட்டர்னாக வைத்தால் ஓரிடத்தில் திருத்தியது எங்கும் மாறும்.

ஆனால் வேர்ட்பிரஸ் தளங்கள்தான் எனக்குத் தெரிந்து மிக அலங்கோலமாகவும் இருக்கின்றன. எலிமென்டர் போன்ற பக்கம் கட்டும் பிளகின் போட்டு, எழுதுகிற எல்லாருக்கும் நிறம், அளவு, இடைவெளி எல்லாவற்றையும் மாற்றும் உரிமை கொடுத்துவிடுவதால் வரும் வினை. டெம்ப்ளேட் ஒன்றுதான், உள்ளே ஒவ்வொரு பக்கமும் ஒரு கல்யாணப் பத்திரிகை. பிளகினை நிறுத்தினால் அமைப்பும் கலைந்துபோகும். செயற்குழுவினருக்கு "எடிட்டர்" உரிமை மட்டும் கொடுங்கள். அந்த நிலையில் உள்ளவர் பக்கம் எழுதலாம், தீம், டெம்ப்ளேட் இரண்டையும் தொட முடியாது. நிர்வாகி உரிமை இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

ஒரு நுணுக்கம், பலரை அரை நாள் சுற்றவிடுவது: தளத் திருத்தியில் செய்த மாற்றம் தரவுத்தளத்தில் சேமிக்கப்படும், தீம் கோப்பில் இல்லை. பிறகு ஒருவர் கோப்பைத் திருத்தினால் தளத்தில் ஒன்றுமே மாறாது, ஏனென்றால் தரவுத்தளத்தில் இருப்பதுதான் முந்திக்கொள்ளும். இரண்டில் எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய வகைத் தீம் என்றால் நேரடியாகத் திருத்தாமல் சைல்ட் தீம் (மாற்றங்களைத் தனியாக வைக்கும் துணைத் தீம்) வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடுத்த அப்டேட் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

அட்டவணையில் "ஆபத்து" என்று போட்டதற்குக் காரணம், வேர்ட்பிரஸ், தீம், பிளகின் மூன்றையும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும் என்பது. கவனிக்காத தளத்தில் ஒருநாள் சூதாட்ட விளம்பரப் பக்கங்கள் முளைக்கும். மாதம் ஒருமுறை பார்க்க ஆள் இல்லை என்றால், அதற்குப் பணம் கட்டும் பராமரிப்புச் சேவையின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

## விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் வகை

ஹெடரை ஒருமுறை மாற்றினால் எங்கும் மாறும், புதுப்பிப்பதை இந்தச் சேவைகளை நடத்தும் நிறுவனங்களே பார்த்துக்கொள்ளும். நாளை மறுநாள் திறக்கும் கடைக்கு, ஆறேழு பக்கத்துக்கு, தயங்காமல் எடுக்கலாம்.

வெளியேறும்போதுதான் வலிக்கும். விக்ஸில் கட்டிய தளத்தைக் கழற்றி வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துப்போக முடியாது. ஸ்குவேர்ஸ்பேஸ் உள்ளடக்கத்தில் ஒரு பகுதியை ஏற்றுமதி செய்யத் தரும், வடிவமைப்பு வராது. அதனால் இந்த வழியில் போகிறவர்கள் தள முகவரியையாவது தனியாக, அமைப்பின் பெயரில் பதிந்துகொள்ளுங்கள். .sg என்று முடியும் முகவரிக்கு நிர்வாகத் தொடர்பாளர் சிங்பாஸ் (அரசாங்க மின் அடையாளம்) வழியாக உறுதிசெய்ய வேண்டியிருக்கும். அவர் தேசிய சேவைக்குப் போன தம்பியாக இருக்க வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்ட் வைத்து ஹெடரை இழுத்துவரும் முறையை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். பக்கம் முதலில் மெனு இல்லாமல் வந்து, பிறகு ஒரு குதி குதித்து இறங்கும். இணைப்பு மெதுவாக இருக்கும் கைப்பேசியில் அது அப்பட்டமாகத் தெரியும். பல நிறுவனங்களின் தளங்களில் ஒரே துண்டு வர வேண்டும் என்றால் மட்டும் அதற்கு நியாயம் உண்டு. அரசாங்கத் தளங்களின் உச்சியில், இது அதிகாரத்துவத் தளம் என்று சொல்லும் அந்த மெல்லிய பட்டை அப்படிப்பட்ட ஒன்று.

## யாருக்கு எது

தனியாக நடத்தும் துணைப்பாட நிலையம், ஐந்தாறு பக்கம்: விக்ஸ் வகை, அல்லது கையால் எழுதிய பக்கங்களே போதும். எச்டிஎம்எல் தெரிந்த தொண்டூழியர் ஒருவரோடு ஓடும் சங்கம்: பிஎச்பி. பலர் எழுதும் கோயில், பள்ளி, பெரிய அமைப்பு: எடிட்டர் உரிமையோடு நிறுத்திய வேர்ட்பிரஸ், பராமரிக்க ஆள் உறுதியாக இருந்தால். இதழ், கட்டுரைத் தொகுப்பு, பலமொழிக் காப்பகம்: ஹியூகோ. இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் எழுதுபவருக்கு எளிதானதை எடுங்கள், கட்டுபவருக்கு எளிதானதை வேண்டாம்.

எதை எடுத்தாலும் எல்லாவற்றையும் டெம்ப்ளேட்டுக்குள் திணிக்க வேண்டாம். சட்டகம் பொது. தைப்பூசச் சிறப்புப் பக்கம் தன் போக்கில் இருக்கட்டும். "இந்தப் பக்கம் என்றால் இப்படி, அந்தப் பக்கம் என்றால் அப்படி" என்ற நிபந்தனை டெம்ப்ளேட்டுக்குள் நான்காவது முறை வரும்போது, அதைப் பிரித்து இரண்டாவது தளவமைப்பு ஒன்று செய்வதே மேல்.

## மாறும் நாளில்

முதலில் இருக்கும் பக்கங்களை எல்லாம் பட்டியலிட்டு, எது தேவை, எது தேவையில்லை என்று பிரியுங்கள். பழைய தமிழ்த் தளம் என்றால் சில பக்கங்கள் யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி அல்லது டாப் குறியாக்கத்தில் இருக்கக்கூடும். அவற்றை மாற்றாமல் புதிய டெம்ப்ளேட்டில் போட்டால் வெறும் கிறுக்கல்தான் வரும், ஆகவே முதல் வேலை யூனிகோடுக்கு மாற்றுவது. பிறகு ஒரு கட்டுரை, ஒரு நிகழ்ச்சி, முகப்பு என்று மூன்று பக்கத்தை மட்டும் புதிய டெம்ப்ளேட்டில் செய்து, எழுதப்போகிறவரிடமே கொடுத்து ஓர் அறிவிப்பைப் போடச் சொல்லுங்கள். அவர் திணறினால் அங்கேயே நிறுத்தி வேறு வழியைப் பாருங்கள்.

பழைய முகவரிகளைத் தொலைத்துவிடாதீர்கள். கோப்பின் பின்னொட்டு மாறினாலே முகவரி மாறிவிடும். அழைப்பிதழிலும் சுவரொட்டியிலும் அச்சடித்த கியூஆர் குறியீடுகள் பழைய இடத்துக்குத்தான் போகும். ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு நிரந்தரத் திசைதிருப்பல் வைத்து, கைப்பேசியை எடுத்து அந்த அச்சடித்த குறியீட்டையே ஸ்கேன் செய்து சரிபாருங்கள்.